மஞ்சள் போடாத மீன்

மார்ச் 6, வியாழன்

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் சுள்ளென்ற வெயில். பிலிமத்தலாவையில் டைல்ஸ் கடை வரை பஸ்ஸில் நின்றபடியே பயணம். கால் வலி.

ஸ்டெல்லா நேர்முகத் தேர்வில் தேறிவிட்டாள். ஜப்பானில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. ஐந்து வருடம். கணவன், பிள்ளை கூடப் போக முடியாது. புதிதாக ஒன்றும் இல்லை, அவள் மொழி வகுப்பில் சேர்ந்த அன்றே தெரிந்த விஷயம்தான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பாஸ்" என்று காதில் விழுவது வேறு.

சந்தோஷம் என்றேன். தேத்தண்ணீர் கேட்டேன்.

இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறதாம். முடிவு சொல்வதற்கு முன் அந்த இல்லத்திலிருந்து ஓர் அம்மா ஒவ்வொரு வீடாக வந்து பார்ப்பார். தாய் போன பிறகு பிள்ளையை யார் பார்ப்பது, வீட்டுக்காரருக்குச் சம்மதமா, இதெல்லாம். முன்பு யாரோ ஒருத்தி பிள்ளையை நினைத்து நினைத்து அழுது பாதியில் திரும்பி வந்துவிட்டாளாம். அதிலிருந்து இந்த ஏற்பாடு. சரி, வரட்டும் என்றேன். அதோடு நிற்கவில்லை.

"ஒங்க ஹஸ்பண்ட் என்னா சமைப்பார்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"ஒங்களுக்குக் கோவம் வரும்."

"சொல்லு."

"சால்மன் மீன் நல்லா சமைப்பார்னு சொல்லிட்டேங்க."

சால்மன். நான். அந்த மீனை நான் கண்ணால் கண்டதே சுப்பர்மார்க்கெட் கண்ணாடிப் பெட்டிக்குள்தான்.

சமையலைப் பற்றி அவளுக்கு ஜப்பான் மொழியில் தடுக்காமல் வருகிற வாக்கியம் அது ஒன்றுதான். பாடப் புத்தகத்தில் யாரோ ஒரு கணவன் சால்மன் சமைக்கிறான். அவனைத் தூக்கி என் தலையில் கட்டிவிட்டாள். நேர்முகத் தேர்வில் இருந்த அந்த அம்மா சிரித்துவிட்டு, அப்படியானால் வீட்டுக்கு வரும்போது அதையே சாப்பிடுகிறேன் என்றாராம். அடுத்த வெள்ளி மாலை. 14ஆம் திகதி.

எனக்குத் தெரிந்த சமையல்: தேத்தண்ணீர். நூடுல்ஸ். அவித்த முட்டை (சில நேரம் வெடிக்கும்).


மார்ச் 7, வெள்ளி

தவக்காலத்தின் முதல் வெள்ளி. வீட்டில் பருப்பும் தேங்காய்ச் சம்பலும். கடையில் முதலாளி ஹாஜியாருக்கு நோன்பு. டைல்ஸ் வாங்க வந்த ஆள் மட்டும் வடை தின்றுகொண்டே நிறம் தேர்ந்தெடுத்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

கண்டியில் ஒரு செய்தியை மூடி வைக்க முடியாது. மத்தியானம் ஹாஜியார் கூப்பிட்டார்.

"ஒன்ட பொஞ்சாதி ஜப்பான் போறாவாமே, ஜோசப்."

"இன்னும் முடிவில்ல ஹாஜியார்."

"புள்ளய யாரு பாக்குற?"

"நான்தான்."

"சமைக்கத் தெரியுமா ஒனக்கு?"

"பழகுறேன்."

மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார். "எங்கட வாப்பா நோன்புக்கு அவர்ட கையாலதான் கஞ்சி காச்சுவாரு. உம்மாவ குசினிப் பக்கம் வர விடமாட்டாரு. நல்ல ருசியா ஈக்கும்," என்றார். என்னைத் தேற்றுகிறாரா, கேலி செய்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவருடைய கேலியும் அப்படித்தான் இருக்கும்.

பின்னால் சாமான் அறையில், பெட்டிகளுக்கு நடுவே நின்று ஃபோனில் வீடியோ பார்த்தேன். ஒரு ஜப்பான்காரப் பெண். வேலை விட்டு வந்து சட்டென்று செய்கிற இரவுச் சாப்பாடாம். எல்லாவற்றையும் ஏற்கெனவே வெட்டிச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்திருக்கிறாள். வெட்டியது யார்? கிண்ணங்களைக் கழுவப் போவது யார்? அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

குறித்துக்கொண்டது:

மீனைக் கழுவிக்கொண்டே இருக்கக் கூடாது. டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் தோல் மொறுக்காது.
உப்பு, அதுவும் கொஞ்சம். மஞ்சள் இல்லை. மிளகாய் இல்லை. தேசிக்காய் இல்லை. (பிறகு என்னதான்?)
தோல் பக்கம் கீழே. வைத்த பிறகு தொடக் கூடாது.
சோஸ்: சோயா, இஞ்சி, உள்ளிப்பூண்டு, ஏதோ ஓர் இனிப்பு வைன். அது கண்டியில் எங்கே கிடைக்கும்? கித்துள் பாணியும் கொஞ்சம் வினாகிரியும் போட்டால் என்ன?
சோறு ஒட்ட வேண்டும். கீரிச் சம்பா, தண்ணீர் கூட வைத்து.


மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் பாரை மீன் வாங்கினேன். சால்மனை வைத்துப் பழக நான் என்ன மந்திரியா.

ஸ்டெல்லாவைக் குசினிக்குள் வர வேண்டாம் என்றேன். வரவில்லை. ஆனால் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அதற்கு அவள் உள்ளேயே வந்திருக்கலாம்.

"நெருப்பக் கொறைங்க."

"தெரியும்."

"தெரியும்னா கொறைங்களேன்."

கித்துள் பாணி தாச்சியில் பட்டதும் நுரைத்துக்கொண்டு எழும்பி, நான் கரண்டி தேடுவதற்குள் கறுத்துப் போனது. புகை. ஜன்னலைத் திறந்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மீனைத் திருப்பினால் தோல் தாச்சியிலும் மீன் கரண்டியிலும். சோறு களி.

ஷெரின் நான்காம் ஆண்டு படிக்கிறாள், சாப்பாட்டு விஷயத்தில் மாமியாரைவிட மோசம். ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பா, இது டொஃபியா மீனா?" என்றாள்.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பயந்துவிட்டாள் என்று தெரிந்தது.

உள்ளதை எழுதுகிறேன். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கவலை வரவில்லை. நிம்மதியாக இருந்தது. இதே மாதிரி வெள்ளிக்கிழமையும் கருகினால் அந்த அம்மா என்ன நினைப்பார்? இவனை நம்பியா பிள்ளையை விட்டுவிட்டு வரப் போகிறாள் என்று நினைப்பார். ஸ்டெல்லா இங்கேயே இருப்பாள். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேச வேண்டியதில்லை, ஒரு தாச்சி மீன் போதும்.

எனக்கு அவள் போக வேண்டாம். எழுதிவிட்டேன்.

தாச்சியைத் தேய்த்துத் தேய்த்துக் கை வலி.


மார்ச் 10, திங்கள்

உஷ்ணம். மத்தியானம் இடி, மழை இல்லை. காஸ் முடியப் போகிறது, புதிது சொல்லி வைக்க வேண்டும். ஷெரினின் ஸ்கூல் வேன் பதினைந்து நிமிடம் தாமதம், சாரதியோடு வாய்த்தகராறு. எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது.

ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் கண்ணாடி முன் நின்று ஜப்பான் மொழியில் பேசுகிறாள், குனிகிறாள், நிமிர்கிறாள். அவள் அங்கே உதவியாளராக இருந்த இத்தனை வருடத்தில் ஒரு டொக்டரும் அவள் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை. ஜப்பான் போனால் மரியாதையாக ஸ்டெல்லா-சான் என்பார்களாம். பன்வில தேயிலைத் தோட்டத்து லய அறையில் விளக்கு வெளிச்சத்தில் படித்து உயர்தரம் வரை வந்தவள். வேலை தெரிந்தவள். கிழவர்களைத் தூக்கி உட்கார வைக்கிற விதம் ஒன்று இருக்கிறது, நோகாமல், என்னையே வைத்துப் பழகிக் காட்டியிருக்கிறாள்.

"ஏங்க, நீங்க ஒண்ணுமே சொல்லலையே," என்றாள் திடீரென்று.

"எதுக்கு?"

"எதுக்கா? போ, போகாத. ஏதாவது ஒண்ணு."

"ஒனக்குப் போகணும்ல?"

"நான் கேட்டதுக்கு அது பதிலா?"

"மீன் பழகுறேன்ல, அப்புறம் என்ன," என்றேன்.

கதவை அடித்துச் சாத்தினாள்.


மார்ச் 12, புதன்

நாளை பௌர்ணமி, போயா விடுமுறை. கடை பூட்டு, மீன் கடையிலும் என்ன இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் இன்றே டவுனில் இறங்கி சால்மன் வாங்கினேன். உறைந்தது, மூன்று துண்டுள்ள பொதி. விலையை எழுதப் போவதில்லை. காசாளர் பெண் ஒருமுறை பொதியையும் ஒருமுறை என் செருப்பையும் பார்த்தாள்.

பங்கீடு: வருகிற அம்மாவுக்கு ஒன்று. மொழிபெயர்க்க வருகிற நிலந்தி மிஸ்ஸுக்கு (ஸ்டெல்லாவின் வகுப்பு ஆசிரியை) ஒன்று. கருகினால் மாற்றுக்கு ஒன்று. நாங்கள் எப்படியும் விருந்தாளிகள் எழும்பிய பிறகுதான் சாப்பிடுவோம், எங்களுக்குப் பருப்பு இருக்கும்.

வீட்டில் கெலவல்லா மீன் வைத்து இரண்டாம் ஒத்திகை. இந்த முறை பாணியைத் தனியாகச் சோயாவோடு கலந்து வைத்து, மீன் முக்கால்வாசி வெந்த பிறகு ஊற்றினேன். அடுப்பைக் குறைத்தேன். கரண்டியால் அள்ளி அள்ளி மீனின் மேல் விட்டேன். பளபளவென்று ஒட்டிக்கொண்டது. மேலே வறுத்த எள்ளு. வெள்ளரிக்காயைச் சீவி வினாகிரி, சீனி, உப்பு.

ஷெரின் தட்டை வழித்தாள். இன்னும் இருக்கிறதா என்றாள்.

நல்லாத்தான் இருந்தது, சனியன். யாருமே சொல்லித் தராத இந்தக் கைப்பக்குவம் இத்தனை நாள் எங்கே போயிருந்தது? பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. ஸ்டெல்லா கண் மின்ன என்னைப் பார்த்து, "பரவாயில்லையே நீங்க," என்றாள். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் குப்பை கொட்டப் போனேன்.


மார்ச் 13, வியாழன். போயா

வெள்ளை உடுத்தியவர்கள் காலையிலிருந்தே மலை இறங்கி டவுன் பக்கம் போகிறார்கள், கையில் பூ. எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. அம்பிட்டியவிலிருந்து ஏரி வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி பாதி தூரம் போனேன். ஸ்டெல்லா இரண்டு தடவை ஃபோன் எடுத்து எங்கே என்று கேட்டாள். நடக்கிறேன் என்றேன். "ஜன்னல் தொடைக்க ஆளில்ல, இவரு நடக்கிறாராம்."

ஜன்னல் துடைத்தேன். திரைச்சீலை மாற்றினேன். குளியலறைக் குழாய் ஒழுகுவதைச் சரி செய்தேன், ஒரு வருடமாகச் செய்யாதது. அலுமாரிக் கதவு இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது.

ஷெரின் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"பின்னிப் பழகுங்கப்பா. அம்மா போனா ஸ்கூலுக்கு யாரு பின்னுவா?"

"அம்மா போறது இன்னும் முடிவாகலம்மா."

"போவாங்க. அம்மா சூட்கேஸ் பாத்து வச்சிட்டாங்க, சிவப்பு." தலையைத் திருப்பாமலே சொன்னாள். "வலிக்குது. இறுக்காதீங்க."

ஒரு பின்னல் காதுக்கு மேலே, ஒன்று கழுத்துக்குக் கீழே. ஸ்டெல்லா பார்த்துவிட்டுக் கை நீட்டினாள், பிறகு தானாகவே கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு நாளாகவே இப்படி இருக்கிறாள். தேத்தண்ணீர்க் கோப்பையைக்கூட நான் கழுவட்டும் என்று விட்டுவைக்கிறாள். பழக்குகிறாளாம்.

மாலையில் சால்மனை மேலிருந்து எடுத்துப் பிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்தேன், மெதுவாக இளகட்டும் என்று. மூடி வைத்த தட்டை இரண்டு தடவை திறந்து பார்த்தேன். ரோஸ் நிறம். மீன் மாதிரியே இல்லை.


மார்ச் 14, வெள்ளி

மழை. மத்தியானத்தில் இருந்து. அரைநாள் லீவு.

வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மூன்றரைக்கு மீனைப் பிரிட்ஜிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தேன். டிஷ்யூ, உப்பு, சோஸ், எல்லாம் கிண்ணங்களில். ஆம், நானும் கிண்ணங்களில். எள்ளு தீர்ந்திருந்தது. புதன்கிழமை நாங்களே தின்றுவிட்டோம். குடையை எடுத்துக்கொண்டு சந்திக் கடைக்கு ஓடினேன். போகும்போது ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் இருந்து வந்துகொண்டிருந்தாள், நனைந்து, முகம் வெளிறி. அவசரம், எள்ளு என்றேன்.

திரும்பி வந்தால் குசினியில் அவள் சிலை மாதிரி நிற்கிறாள். இரண்டு கையும் மஞ்சள்.

தட்டில் மூன்று சால்மன் துண்டும் மஞ்சள். மிளகாய்த் தூள், உப்பு, தேசிக்காய்ப் புளி. அழகாக, எல்லாப் பக்கமும் தடவி, பொரிக்கத் தயாராக.

"ஏங்க," என்றாள். "என்ன செஞ்சேன்னு பாருங்க. உள்ள வந்தேன், மீன் பச்சையா இருந்திச்சு. மனசெல்லாம் அந்தம்மா என்ன கேப்பாங்கன்னு ஓடிக்கிட்டிருக்கு. கை தானாப் போயிருச்சு."

பதினோரு வருடமாக இந்த வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு மீனுக்கும் அவள் கை செய்த வேலை. கண்ட மீனுக்கு மஞ்சள் தடவாமல் இருக்க அந்தக் கைக்குத் தெரியாது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மஞ்சள் கையை மடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வேணாங்க. நிலந்தி மிஸ்ஸுக்குக் கோல் எடுங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லுங்க. வரவேணாம்னு சொல்லுங்க."

"எனக்குக் காய்ச்சல் இல்லையே," என்றாள் ஷெரின் வாசலில் இருந்து.

ஃபோன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்தேன். நம்பர் மேலேயே இருந்தது. ஒரு விரல் அசைத்தால் போதும். ஒரு வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த காரணம் தானாக வந்து தட்டில் உட்கார்ந்திருக்கிறது. நான் கெடுக்கவில்லை, அவளே கெடுத்தாள், அவளே வேண்டாம் என்கிறாள். நாளைக்கு யாரும் என்னைக் கேட்க முடியாது. ஐந்து வருடமும் அவள் இங்கே.

ஆனால் தரையில் இருந்த முகம். போன வார வியாழன் வாசலில் "பாஸ்" என்று நின்றவளின் முகம் அது இல்லை. இந்த முகத்தோடுதான் நான் ஐந்து வருடம், அதற்குப் பிறகும் இருக்க வேண்டிவரும். எனக்குப் பயமாக இருந்தது. உண்மையில் அவள் போவதைவிட அதற்குத்தான் பயந்தேன்.

ஃபோனை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தேன்.

"என்னா செய்றீங்க?"

"எழும்பி மொகம் கழுவு. சோறு வை. இல்ல, சோறும் நானே வைக்கிறேன். நீ போய்ச் சீலைய மாத்து."

ஒவ்வொரு துண்டாகத் தண்ணீரில் காட்டி, விரலால் நோகாமல் தேய்த்து, டிஷ்யூ, மறுபடி டிஷ்யூ. ஒரு முழுச் சுருள் முடிந்தது. ஷெரின் ஒற்றினாள், நான் பிழிந்து எறிந்தேன். மிளகாய் போய்விட்டது. புளி ஏறியதில் ஓரம் கொஞ்சம் வெளுத்திருந்தது. மஞ்சள் முழுதாகப் போகவில்லை. சரி, சோஸ் கறுப்புத்தானே, மறைக்கும்.

ஐந்தரைக்கு வந்தார்கள். அந்த அம்மா பெயர் மொரிதா. அறுபது வயது இருக்கும், சின்ன உருவம், நனைந்த சப்பாத்தை வாசலில் திருப்பி அழகாக வைத்தார். ஸ்டெல்லா குனிந்தாள். நானும் குனிந்தேன், எவ்வளவு குனிய வேண்டும் என்று தெரியாமல் கொஞ்சம் கூடக் குனிந்துவிட்டேன்.

குசினிக்கே வந்து நின்று பார்த்தார். தாச்சி சூடு. தோல் பக்கம் கீழே. தொடவில்லை. சத்தம் சரியாக இருந்தது, சடசடவென்று இல்லாமல் சன்னமாக. திருப்பினேன், தோல் முழுசாக மீனோடு வந்தது. சோஸ் ஊற்றினேன், அள்ளி அள்ளி விட்டேன். கூடத்துக் கதிரையில் ஸ்டெல்லா விரல்களைப் பின்னிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எழும்பிவிடாமல்.

இரண்டு தட்டு மேசையில் வைத்தேன். நாங்கள் மூவரும் சுவரோடு நின்றோம். நம் வழக்கம் அதுதானே, விருந்தாளி சாப்பிடட்டும், நாம் நின்று பரிமாறுவோம்.

மொரிதா அம்மா சாப்பிடவில்லை. எங்களைப் பார்த்தார். சாப்பிடும் குச்சியை எடுத்தார், வைத்தார். நிலந்தி மிஸ்ஸிடம் ஏதோ கேட்டார்.

"நீங்க ஏன் ஒக்காரலன்னு கேக்கிறாங்க," என்றாள் ஸ்டெல்லா மெல்ல.

"நாங்க பொறகு சாப்பிடுவோம்னு சொல்லு."

சொன்னாள். அவர் தலையாட்டினார், ஆனால் தொடவில்லை. வீட்டுக்காரர்கள் நிற்கும்போது அவர் தனியாக எப்படிச் சாப்பிடுவது என்று அவருக்குக் கஷ்டம். விருந்தாளியோடு சரிசமமாக எப்படி உட்காருவது என்று எங்களுக்குக் கஷ்டம். நடுவில் மீன் ஆறிக்கொண்டிருந்தது. நான் ஒரு வாரம் பழகிய பளபளப்பு கண் முன்னால் மங்கிப் போகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லாவையும் ஷெரினையும் உட்காரச் சொன்னேன். தாச்சியில் மீதி இருந்த மூன்றாவது துண்டை எங்களுக்கு மூன்றாகப் பிய்த்தேன். பருப்பையும் சம்பலையும் சட்டியோடு கொண்டுவந்து நடுவில் வைத்தேன். போகட்டும்.

நாங்கள் சிலுவை போட்டுச் செபித்தோம். அவர் கைகூப்பி, ஜப்பானில் சாப்பிடுமுன் சொல்கிற வார்த்தையைச் சொன்னார். ஷெரின் சிலுவையும் போட்டு அந்த வார்த்தையையும் சொன்னாள், இரண்டு பக்கத்துக்கும் குறையில்லாமல்.

முதல் வாய்க்குப் பிறகு அவர் மீனைப் பிரித்து உற்றுப் பார்த்தார். உள்ளே ஓரத்தில் மஞ்சள். ஸ்டெல்லா தன் கைகளை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

"இது என்ன நிறம் என்கிறார்," நிலந்தி மிஸ் சிங்களத்தில் கேட்டார்.

"எங்க வீட்டு மஞ்சள்," என்றேன் நானும் சிங்களத்தில். "என் மனைவியின் கை தடவியது. கழுவினேன், போகவில்லை."

மிஸ் சொன்னதும் மொரிதா அம்மா சிரித்தார். தோல் நல்லாயிருக்கிறது, சோஸ் இனிப்புக் கூடுதல் என்றார். சும்மா புகழவில்லை, அது எனக்குப் பிடித்தது. சம்பல் எடுத்தார், இருமினார், மறுபடி எடுத்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் கேள்வி. ஸ்டெல்லா போவதில் உங்களுக்குச் சம்மதமா, பிள்ளையை யார் பார்ப்பது?

ஒரு வாரமாகப் பழகி வைத்த பதில் இருந்தது. மெத்தச் சந்தோஷம், பூரண சம்மதம். வாய் திறந்தால் வேறு வந்தது.

"எனக்கு விருப்பம் இல்லை மிஸ். இவள் இல்லாத வீடு எனக்கு வேண்டாம். ஆனால் இவள் போக வேண்டும். பிள்ளையை நான் பார்ப்பேன்."

நிலந்தி மிஸ் என்னைப் பார்த்தார். "இப்படியே சொல்லவா?"

"இப்படியே சொல்லுங்க."

சொன்னார். ஸ்டெல்லாவுக்கு இரண்டு மொழியிலும் விளங்கியது, அதனால் இரண்டு தடவை கேட்க வேண்டியதாயிற்று. தலையைத் தூக்கவில்லை. மொரிதா அம்மா குச்சிகளைச் சேர்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு, மற்ற நாட்களில் பிள்ளைக்கு என்ன சமைப்பீர்கள் என்று கேட்டார்.

"பருப்பு. முட்டை. நூடுல்ஸ்."

"நூடுல்ஸ்ல தண்ணி கூடிரும்," என்றாள் ஷெரின். ஸ்டெல்லாதான் அதை மொழிபெயர்த்தாள்.

போய்விட்டார்கள். முடிவு ஒரு வாரத்தில்.

பாத்திரம் கழுவும்போது ஸ்டெல்லா பின்னால் வந்து நின்றாள்.

"கெட்டுப் போச்சுன்னு நெனைக்கிறியா?" என்றேன்.

"அது இல்ல. இத்தன நாளா என்கிட்ட சொல்லாதத, யாரோ ஒரு அம்மாகிட்ட சொன்னீங்க."

அவள் சொன்னது சரி.


மார்ச் 15, சனி

தொண்டை கரகரப்பு. டிஷ்யூ வாங்க வேண்டும். காஸ் வந்தது.

ஸ்டெல்லா பேசுகிறாள், ஆனால் உப்பு, புளி, வேன் நேரம், அவ்வளவுதான். மாலை வாசல்படியில் நான் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போகாதே என்று ஒரே ஒரு தடவை சொல்லும்படி கேட்டாள். அதற்காக நிற்கப் போவதில்லையாம், காதால் கேட்க வேண்டுமாம்.

சொன்னேன். நன்றாக அழுதாள். பிறகு ஷெரினின் சப்பாத்து எங்கே, பொலிஷ் போட்டீங்களா என்று கேட்டாள்.


மார்ச் 18, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. ஃபோனைப் பார்த்துப் பார்த்துக் கண் நோவு. வர வேண்டும் என்று பார்க்கிறேனா, வரக் கூடாது என்று பார்க்கிறேனா, எனக்கே விளங்கவில்லை. ஒருவருக்கு வெள்ளை டைல்ஸுக்குப் பதிலாகக் கிரீம் அனுப்பிவிட்டேன். ஹாஜியார் ஏசவில்லை. "போ மகன், வெளிய போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வா," என்றார்.

ஷெரினின் பின்னல் இன்று ஓரளவு நேராக. டீச்சர் யார் பின்னியது என்று கேட்டாராம்.


மார்ச் 21, வெள்ளி

வெயில், பிறகு தூறல்.

பதினொரு மணிக்கு ஸ்டெல்லா கோல் எடுத்தாள். கிடைத்துவிட்டது. ஜூலையில் பயணம்.

சந்தோஷம் என்றேன். இந்த முறை கூடவே, "கஷ்டமாவும் இருக்கு," என்றேன். "எனக்கும்தாங்க," என்றாள். பின்னால் யாரோ நோயாளி மணி அடித்தார், வைத்துவிட்டாள்.

ஹாஜியாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன் ஒரு போத்தல் கஞ்சி கட்டித் தந்து, வீட்டுக்கு நேரத்தோடு போ என்றார்.

வழியில் பாரை வாங்கினேன். இனி இதுவும் என் வேலை, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை. குசினியில் தாச்சியை வைத்தேன், டிஷ்யூ கிழித்தேன், சோயா போத்தலை எடுத்து வைத்தேன். யாரும் சொல்லாமலே கை செய்தது.

ஸ்டெல்லா உள்ளே வந்தாள். போன வெள்ளிக்குப் பிறகு குசினி வாசல் தாண்டாதவள். சோயா போத்தலை எடுத்து மூடியை இறுக்கி, அலுமாரியின் மேல்தட்டில், கை எட்டாத மூலையில் தள்ளி வைத்தாள்.

"இது ஜூலைக்குப் பொறகு," என்றாள்.

மஞ்சள் டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டினாள். "நான் இருக்கிற வரைக்கும் இதப் போடுங்க."

போட்டேன். கொஞ்சம் கூடிவிட்டது.